ஐந்தாவது வீட்டுப் பிரசவம்

கண்ணுங்களா, ஒரு பெண் மதராஸுக்குப் படிக்கப் போன கதையைச் சொல்கிறேன். படித்து முடித்த கதை இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் என்மேல் வருத்தப்படாதீங்க.

திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சாமிக்குச் சமைக்கிறவர் விஸ்வேஸ்வரன். அவருக்கு ஒரு பையன், சேஷகிரி. ஒரு பெண், ஜம்பகம். ஜம்பகத்துக்குப் பதினாறு வயசில் கல்யாணம். பதினெட்டில் புருஷன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, நாலு வருஷம் பின்கட்டில் உட்கார்ந்து சாமி அரிசியில் கல் பொறுக்கினாள். அப்புறம் யாரோ சொன்னார்கள், மதராஸில் பிரசவம் பார்க்கிற படிப்பு இருக்கிறது, எட்டாவது பாஸ் செய்திருந்தால் போதும், அவளைப் போன்றவர்களுக்கு ஹாஸ்டலில் இடமும் உண்டு என்று. அப்பாவிடம் கேட்டாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மலைக்குப் போய்விட்டார். அம்மா சாரதாம்பாள்தான் ரயிலேற்றி விட்டாள். இது ஐம்பத்து நாலாம் வருஷம். அப்போது நம்ம ஊர் ஆந்திராவோடு இருந்தது.

இரண்டு வருஷப் படிப்பு. பரீட்சை எழுத வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இருபது பிரசவம் தன் கையால் பார்த்து, ஒவ்வொன்றையும் நாள், நேரத்தோடு ஒரு புஸ்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பதினைந்து ஆஸ்பத்திரியில், ஐந்து வீடுகளில். ஆஸ்பத்திரிப் பதினைந்து ஜம்பகத்துக்கு ஆறே மாசத்தில் முடிந்துவிட்டது. கை அப்படிப்பட்ட கை. வீட்டுப் பிரசவம்தான் தகராறு. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். வெறும் நெற்றியையும் வெறும் கழுத்தையும் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒரு கிழவி வருவாள். பிறக்கிற குழந்தை முதலில் பார்க்கிற முகம் இதுவா என்று வாய்விட்டே கேட்டுவிடுவாள். அடுத்த நிமிஷம், கூட வந்த வேறு பெண் உள்ளே போவாள், இவள் வெளியே நிற்பாள்.

அப்படியும் நாலு கிடைத்தது. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீடு இரண்டு, ஒரு சாயபு வீடு, ஒன்று நெற்றியைப் பார்க்க நேரமே இல்லாமல் நடுவாசலில் பிறந்துவிட்ட பிள்ளை. ஐந்தாவதுக்கு எட்டு மாசம் அலைந்தாள். ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி பிறந்ததும் மேட்ரன் கூப்பிட்டு, கிருத்திகைக்கு மறுநாள் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் புஸ்தகம் மேஜைக்கு வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் பரீட்சை கிடையாது, ஹாஸ்டல் இடமும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று சொன்னார். சொந்த ஊரில் முயற்சி செய் என்று ஒரு வாரம் லீவும் கொடுத்தார்.

ஊருக்கு வந்தாள். சேஷகிரியின் பெண்டாட்டி அபிராமசுந்தரிக்கு நிறைமாசம். தாயில்லாப் பெண், அதனால் தலைப்பிரசவம் இங்கேதான். நாள் இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஜம்பகம் அந்த வயிற்றைப் பார்த்தாள். இரண்டு வாரம் அவளுக்கு உதவாது. ஊருக்குள் நாலைந்து வீடு ஏறி இறங்கினாள். சொந்த ஊரில் எல்லாருக்கும் அவளைத் தெரியும், அதனால் இன்னும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மடைப்பள்ளி முறை விஸ்வேஸ்வரனுடையது. பங்காளி நீலமேகமும் இவரும் முறை போட்டுக்கொண்டு சமைப்பார்கள். இவர் முறையில் கிருத்திகையிலிருந்து மூன்று நாளும் மடைப்பள்ளிக்குத் தண்ணீர் தூக்கச் சேஷகிரி போவான். கிருத்திகை முறை வந்தால் அசுவினி அன்று மலையேறுகிறவர், தெப்பம் மூன்று நாளும் முடிந்து, ஆறாம் நாள் திருவாதிரை அன்று காலையில்தான் இறங்குவார். நடுவில் வீட்டில் குழந்தை பிறந்தால் பத்து நாள் தீட்டு. கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். ஒரு தடவை முறை நடுவில் கைமாறினால் பிறகு அது திரும்பி வருவது கஷ்டம். நீலமேகம் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, பரணி. காலை பத்து மணிக்கு அபிராமிக்குப் பனிக்குடம் உடைந்தது.

சாரதாம்பாள் முதலில் மருத்துவச்சி குப்பம்மாளைக் கூப்பிடத்தான் வாசல் வரைக்கும் போனாள். போனவள் நின்றுவிட்டாள். குப்பம்மாள் உள்ளே வந்தால் ஊருக்கே சேதி. அரை மணியில் அது மலையேறிவிடும். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்பா காதில விழாத வரைக்கும் அவருக்குத் தீட்டு கிடையாது. சாஸ்திரமே அப்படித்தான் சொல்றது. நீயே பாருடி, ஜம்பகம்" என்றாள்.

பாருங்க, வேறே எந்த நாளாயிருந்தாலும் சொந்த அம்மாவே அவளை அந்த அறைக்குள் விட்டிருக்க மாட்டாள். தீட்டை மறைக்க வேண்டியிருந்தது, அதனால் கதவு திறந்தது.

வெளியே காவடி போய்க்கொண்டே இருந்தது. பம்பையும் உடுக்கையும் அரோகராவும். அபிராமி கத்தினது அதிலேயே கரைந்துபோயிற்று. மத்தியானம் குப்பம்மாள் தெருவோடு போனவள் சன்னல் பக்கம் நின்றாளாம்.

"இன்னா ஐயரம்மா, உள்ள யாரோ முனகுறாப்பல கீதே?"

"பூனைடி" என்றாள் சாரதாம்பாள்.

"ஆங். பூனைக்கு எத்தினி மாசங்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். போனவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், குப்பம்மாள் என் மாமியார்.

ஒரு மணி இருபது நிமிஷத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. அபிராமியின் உதடு வெளுத்துவிட்டது. சாரதாம்பாள் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஜம்பகம் அழவில்லை. தொப்புளுக்குக் கீழே கையை வைத்து, மாவு பிசைகிற மாதிரி அழுத்திப் பிசைந்துகொண்டே இருந்தாள், முக்கால் மணி நேரம். வயிறு பந்து மாதிரி கெட்டியாகி ரத்தம் நின்றபோது அவள் இரண்டு கையும் மரத்துப்போயிருந்தது. அந்தக் கையாலேயே புஸ்தகத்தை எடுத்து எழுதினாள். திங்கட்கிழமை, பகல் ஒன்று இருபது. வீட்டுக்காரர் என்று போட்டிருந்த இடத்தில் சேஷகிரி கையெழுத்துப் போட்டான். சந்தோஷத்தில் அவன் பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

அன்று மலைக்கு, சேஷகிரிக்கு வயிற்றுக்கடுப்பு, வரமாட்டான் என்று சேதி போயிற்று. செவ்வாய்க்கிழமை கிருத்திகை. ஜம்பகம் விடியற்காலை ரயிலுக்குப் போனாள். வருகிற ரயிலெல்லாம் காவடியும் மொட்டைத் தலையுமாக வழிந்தது. மதராஸ் போகிற ரயிலில் அவள் பெட்டியில் அவள் மட்டும். புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே போய், ஒரு நாள் முந்தியே மேட்ரன் மேஜையில் வைத்தாள். மேட்ரன் எண்ணிப் பார்த்துவிட்டு, பரீட்சைக்குப் படி என்றார். ஒன்று மட்டும் பாக்கி, வீட்டுப் பிரசவத்துக்கெல்லாம் ஊர் ஆபீஸிலிருந்து பிறப்புப் பதிவு நகல் வர வேண்டும். ஜம்பகம் வீட்டுக்குக் கார்டு எழுதிப் போட்டாள்.

மூன்று வாரத்தில் ரிஜிஸ்தர் தபால் வந்தது. மேல்விலாசம் அப்பாவின் கையெழுத்து. இரண்டு வருஷத்தில் அவர் அவளுக்கு ஒரு வரி எழுதினதில்லை. அவரே பஞ்சாயத்து ஆபீஸுக்கு நடந்து போய், நின்று வாங்கி, அவரே தபாலாபீஸில் சேர்த்திருக்கிறார். ஜம்பகம் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்படியே மேட்ரனிடம் கொடுத்தாள்.

நகல் தெலுங்கில் இருந்தது. தெலுங்குக்காரப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார் மேட்ரன். விஸ்வேஸ்வரன் பேரன், ஆண், வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரை மணி.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஜம்பகம் மதராஸ் ஹாஸ்டலில் இருந்தாள். அது வருகைப் பதிவிலேயே இருந்தது.

பிறக்காத பிள்ளைக்கு அண்ணனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாய் என்றார் மேட்ரன். கெட்டவரில்லை. ஒரு வாரம் கொடுத்தார். பதிவு செய்த தாத்தாவே தேதி தப்பு என்று எழுதிக் கொடுத்து, ஆபீஸில் திருத்திக் கொண்டுவந்தால் பரீட்சை எழுதலாம். வேறே யார் சொன்னாலும் செல்லாது.

ஊருக்கு வந்ததும்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கிருத்திகை அன்று காலையில், அவள் ரயிலேறின பிறகு, மலையிலிருந்து ஆள் வந்திருக்கிறது. நைவேத்தியத்துக்குத் தண்ணீர் எடுக்க ஆளில்லை, நீலமேகம் தன் பையனை அனுப்புகிறேன் என்கிறார் என்று. பங்காளி கால் உள்ளே வைத்தால் போயிற்று என்று பயந்து, சேஷகிரி தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு மலையேறிவிட்டான். மூன்று நாளும் தண்ணீர் தூக்கினான். அப்பாவுக்குத் தெரியாது, அதனால் அவருக்குத் தீட்டில்லை. இவனுக்குத் தெரியும், அதனால் இவனுக்குத் தீட்டு. பெற்றவனே இவன்தான். வெள்ளிக்கிழமை அப்பா இறங்கி வந்து, எப்போது பிறந்தது என்று கேட்டபோது, இன்றைக்கு விடியற்காலை என்று சொல்லிவிட்டான். அவர் பிள்ளைபெற்ற அறைக்குள் எட்டிப் பார்க்கிறவரில்லை. நேரே போய்ப் பதிவு செய்தார். திருவாதிரை என்று ஜாதகம் எழுதிவைத்தார். பதினோராம் நாள் பேரும் வைத்தாயிற்று.

விஸ்வேஸ்வரன் கூடத்தில் உட்கார்ந்து, மேட்ரன் கொடுத்தனுப்பின கடிதத்தை ஜம்பகம் படிக்கக் கேட்டார். கேட்டு முடித்து, பையனிடம் ஒரே கேள்வி.

"பரணியா?"

சேஷகிரி தரையைப் பார்த்தான். உள்ளேயிருந்து அபிராமி குழந்தையை எடுத்துக்கொண்டு நிலைப்படி வரைக்கும் வந்தாள். என்னைப் பிழைக்க வைத்ததே நாத்தனார்தான், நான் சொல்கிறேன் என்றாள். சாரதாம்பாள் அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டாள். மருமகள் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்.

விஸ்வேஸ்வரன் ஜம்பகத்தைப் பார்த்தார். அவள் மதராஸ் போன பிறகு நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்பாள்.

"நான் எழுதினா, கிருத்திகை அன்னிக்குச் சாமி சாப்பிட்டது தீட்டுச் சாதம்னு ஆயிடும். அந்த ஆபீஸ் குமாஸ்தா நீலமேகத்துக்குச் சிநேகிதன். எழுதாட்டா, நீ பொய் சொன்னவள்னு ஆயிடும்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாமியும் வாயைத் திறக்க மாட்டார். நீயும் திறக்க மாட்டாய். ரெண்டு பேர்கிட்டயும் நான் என்னம்மா பண்ணுவேன்?"

பையன் வயிறும் பேரன் வயிறும் அந்த மடைப்பள்ளியில்தான் இருக்கிறது என்பது ஜம்பகத்துக்குத் தெரியாதா? ஒரு வாரமும் வீட்டிலேயே இருந்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். அப்பா காகிதம் எடுப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேனாவில் மை ஊற்றி மாடத்தில் வைத்திருந்தாள். ஏழாம் நாள் காலையில் அதைக் கழுவிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயிலேறினாள்.

பரீட்சை ஹாலில் அவள் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். மேட்ரன் மனசு கேட்காமல் அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை போட்டுக் கொடுத்தார். கூடப் படித்த பெண்கள் வெள்ளை உடுப்போடு கையை நீட்டுவார்கள், இவள் பேசின் ஏந்தி நிற்பாள். ரத்தம் நிற்காத கேஸில் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும். ஆனால் ஆயா கை வைக்கக் கூடாது. ஒரு தடவை கை தானாக நீண்டுவிட்டதாம். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினை இறுகப் பிடித்துக்கொண்டேன் என்று என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள்.

மறு வருஷம் ஆடிப் பரணிக்கு லீவு போட்டு வந்தாள். வீட்டில் யாருக்கும் அந்த நாள் ஒன்றும் இல்லை. பையனுக்கு ஆண்டுநிறைவு இன்னும் நாலு நாள் தள்ளி, திருவாதிரைக்கு. இவள் மட்டும் தேங்காய் பழத்தட்டோடு படியேறினாள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு யார் பேருக்கு என்று கேட்டார். பையன் பேரைச் சொன்னாள். நட்சத்திரம் என்றார்.

அந்த வருஷம் முறை நீலமேகத்துடையது. நைவேத்தியப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஜம்பகத்தைப் பார்த்து, சௌக்கியமா என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"திருவாதிரை" என்றாள் அவள்.

குருக்கள் அப்படியே அர்ச்சனை செய்தார். தட்டை வாங்கிக்கொண்டு இறங்கினாள். மறுநாள் காலையில் டியூட்டி, சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.