மூக்கு என்று சொல்லக்கூடாத வீடு

பாஸ்டர் சுதாகரன் பிரசங்கத்தின் நடுவில் தன் மூக்கைத் தொட்டுக் காட்டியதும் பேச்சியம்மா வேதப்புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். இன்றைக்கென்று பார்த்தா இந்த மனுஷனுக்கு மூக்கு ஞாபகம் வரவேண்டும்! ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த புருஷன் அழகுமுத்துவை ஓரக்கண்ணால் பார்த்தாள். வட்டகொடைப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் அப்படியொரு நீள மூக்கு கிடையாது. லயத்து வீட்டு வரிசைத் திருப்பத்தில் முதலில் மூக்கு வரும், பிறகுதான் ஆள் வருவார் என்று பேசிக்கொள்வார்கள். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான். ஏனென்றால் அந்த மூக்கு எவ்வளவு நீளமோ, மனுஷனின் பொறுமை அவ்வளவு குட்டை.

போன கிறிஸ்மஸுக்கு வந்த மருமகன் சிவகரனுக்கு இது தெரிந்திருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. மாமனார் தேத்தண்ணிக் கோப்பையை உதட்டில் வைத்த நேரம் பார்த்து, "மாமாவுக்கு முந்தி மூக்கு குடிச்சிருது" என்றான். கோப்பை சுவரில் போய் உடைந்தது. மாசமாயிருந்த மகள் அனோஜா, இன்னொரு தரம் அப்பா கத்தினால் இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நுவரெலியா பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பிள்ளை பிறந்தபோது பேச்சியம்மா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தாத்தா ரோஷம் பிடித்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. சளி பிடித்தால் 'அடைப்பு' என்பாள். தான் போட்டிருந்த மூக்குத்திக்குக்கூட வெறும் 'குத்தி' என்றுதான் பேர். போனில் கெஞ்சிக் கூத்தாடி, இன்று மத்தியானம் பிள்ளையோடு வர அனோஜாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"எபிரேய பாஷையில பொறுமைக்கு என்னா சொல்றாங்க தெரியுமா? ஏரெக் அப்பாயிம்!" என்றார் பாஸ்டர். இணையத்தில் எபிரேயம் படிக்கத் தொடங்கியதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவுவதில்லை.

"அப்பாயியா? யாரோட அப்பாயிங்க?" என்று பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் ராசம்மா சத்தமாகவே கேட்டாள்.

"அப்பனப் பெத்த அப்பாயி இல்லம்மா, அப்பாயிம். மூக்கு! ஏரெக்னா நீளம். கோபம் வந்தா மூக்கு சூடாகுது இல்லியா? மூக்கு நீளமா இருந்தா அந்தச் சூடு நுனிக்கு வந்து சேர நேரமாகும். அதனால நீள மூக்குக்காரர்னா பொறுமைசாலி."

சபை மொத்தமும் அழகுமுத்துவைத் திரும்பிப் பார்த்தது. முதலில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். அப்புறம் தகரக் கூரை அதிர்ந்தது. அழகுமுத்து எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார்.

பேச்சியம்மா ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள். "நல்லதாத்தானேங்க சொன்னாரு..."

"என்னா நல்லது? மூக்கு மேல கோவம்னுதானே நம்மாளுங்க சொல்றாங்க? நீளமா இருந்தா அது குந்துறதுக்கு எடம்தானே கூட?"

இதற்கு எபிரேயத்தில்கூடப் பதில் இருக்காது என்று பட்டது அவளுக்கு. ஆண்டவரே, இந்த ஒரு மத்தியானம் மட்டும் தாங்கிக்கொள்ளும், என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

மகளும் மருமகனும் வந்தார்கள். சிவகரன் மாமனாரின் முகத்தைப் பார்த்தால்தானே வம்பு என்று சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தான். அழகுமுத்து தூர இருந்தே பிள்ளையை எட்டி எட்டிப் பார்த்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, ராசம்மா வாசலில் வந்து நிற்கும்வரை.

"அடி ஆத்தா! மூக்கும் முழியுமா எப்பிடி இருக்கா பாரு!"

பேச்சியம்மா அவளுக்குக் கண்ணைக் காட்டினாள். ராசம்மாவுக்குச் சட்டென்று உறைத்துவிட்டது. "முழியத்தான் சொன்னேன்... முழி மட்டுந்தான்" என்றாள்.

சிவகரனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவன் அடக்கிய சிரிப்பில் தேத்தண்ணி அவன் மூக்கு வழியாகவே வெளியே வந்தது.

அனோஜாவின் கை பையைத் தேடியது. பேச்சியம்மா புருஷனைப் பார்த்தாள். புருவத்துக்கு நடுவே சிவப்பு கிளம்பிவிட்டது. அது மெதுவாக இறங்கி, மூக்குத் தண்டின் பாதிக்கு வந்தது. ஐயோ, பாஸ்டர் சொன்னது சரிதான். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது! இத்தனை வருசமாக அந்த நேரத்தில் அவள் பயந்துகொண்டு மட்டுந்தான் நின்றிருக்கிறாள். இப்போது மகளின் கையிலிருந்த பிள்ளையை வாங்கி அழகுமுத்துவின் மடியில் வைத்தாள்.

கத்துவதற்கு அவர் வாயைத் திறந்தார். சிவப்பு நுனிக்கு வந்து சேர்ந்தபோது அங்கே பிள்ளையின் கை இருந்தது. பிஞ்சு விரல்கள் மூக்கை இறுகப் பிடித்து இழுத்தன.

"பேச்சி, மூக்குடி... வலிக்கிது" என்றார், அடைபட்ட குரலில். அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

"எடுத்துறவாங்க?"

"வேணாம். இழுக்கட்டும். இன்னுங் கொஞ்சம் நீளட்டும்."

அனோஜா பையைக் கீழே வைத்தாளா என்று பேச்சியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. புருஷனின் கண்ணில் நீர் கட்டியிருக்க, பிள்ளையிடம் குனிந்துகொண்டே போன அந்தப் பெரிய மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை மற்றக் கையையும் நீட்டியது.