இருநூற்றைம்பத்தைந்து டிகிரி

ஆம்பூரில் அந்தத் தோல் தொழிற்சாலையின் மூன்றாவது டிரம் மறுபடியும் நின்றுவிட்டது. உள்ளே தோல்கள் சாயத் தண்ணீரில் கிடந்தன. சுற்றாமல் கிடந்தால் திட்டுத் திட்டாகக் கறை பிடிக்கும். வெளியே திரை, உள்வெப்பம் 255 டிகிரி என்று கூச்சமில்லாமல் காட்டியது. அந்தச் சூட்டை நம்பித்தான் கன்ட்ரோல் போர்டு டிரம்மை நிறுத்தியிருந்தது.

"கேபிள் இழுத்தது யாரு?" என்றார் புகழேந்தி. கன்ட்ரோல் போர்டு விற்ற சென்னைக் கம்பெனியின் இன்ஜினியர்.

"நான்தான்," என்றாள் நந்தினி. தொழிற்சாலையின் எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பு அவள் பொறுப்பு.

"அதான பார்த்தேன்."

போனிலேயே ஜெனரேட்டரையும் ஆபரேட்டர்களின் ஈரக்கையையும் குறை சொல்லி முடித்தவர். மிச்சம் இருந்தது அவள்தான். மேனேஜர் சம்பத்தும் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

புகழேந்தி லேப்டாப்பைத் திறந்தார். "255 வந்தா தூக்கிப் போடுன்னு ப்ரோகிராம்ல ஒரு வரி எழுதிட்றேன். முடிஞ்சது."

"ஏன் வருதுன்னு பார்க்க வேணாமா சார்?"

"வராம பண்றேன்ல?"

"வர்றத நாம பார்க்காம பண்றீங்க."

தெர்மாமீட்டரை ஒளித்துவைத்துக் காய்ச்சலைக் குணப்படுத்தும் மருத்துவர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, போர்டுக்கும் சென்சாருக்கும் நடுவே ஓடிய ஒயர்களில் சிக்னல் பார்க்கும் கருவியை மாட்டினாள். வெப்பம் எவ்வளவென்று சென்சாரிடம் கேட்டு முடித்ததும் போர்டு லைனை விட்டுவிடுகிறது. சென்சார் பதில் தொடங்கும்வரை லைன் பிடிப்பில்லாமல் தொங்குகிறது. பக்கத்து டிரம்மின் மோட்டார் கிளம்பியதும் அந்த இடைவெளியில் ஒரு சின்னத் துடிப்பு விழுந்தது. போர்டு அதையே பதிலின் தொடக்கமென்று நம்பி, பதிலின் எட்டு பிட்டையும் '1' என்றே படித்து, எட்டு ஒன்றும் சேர்ந்தால் வரும் 255ஐ வெப்பமாக எடுத்துக்கொண்டது. வந்தது உண்மையான பதில்தானா என்று சரிபார்க்கும் வழக்கமே அதற்கு இல்லை.

"லைனைப் பிடிச்சு வைக்க ரெண்டு ரெசிஸ்டர் வேணும் சார். உங்க டிராயிங்ல இருக்கு, போர்டுல இடம் காலியா இருக்கு."

"எங்க லேப்ல அது இல்லாமயே நல்லா ஓடிச்சு."

"உங்க லேப்ல பக்கத்துல இன்னா மோட்டார் சார் ஓடுது, ஏசியா?"

சம்பத் வாய்விட்டுச் சிரித்தார்.

நந்தினி போர்டில் காலியாக இருந்த இடத்தில் ரெசிஸ்டர்களைப் பற்றவைத்தாள். பக்கத்து மோட்டாரைத் திரும்பத் திரும்ப நிறுத்திக் கிளப்பினார்கள். திரை முப்பத்தெட்டிலிருந்து அசையவில்லை. டிரம் சுற்றத் தொடங்கியது.

"சாஃப்ட்வேர் அப்டேட்ல சரியாச்சுன்னு ரிப்போர்ட் குடுத்துட்றேன்," என்றார் புகழேந்தி.

"குடுங்க," என்றார் சம்பத். "மத்த டிரம்லயும் இதே போர்டுதான். எல்லாத்துக்கும் ரெசிஸ்டர் வெச்சு, வர்றதச் சரிபார்க்க ப்ரோகிராமும் எழுதிட்டுக் கிளம்புங்க."

நந்தினி டீ குடித்துவிட்டு வந்தபோது, புகழேந்தி முதல் ரெசிஸ்டரையே தப்பான இடத்தில் வைத்திருந்தார். அவள் குனிந்து பார்த்தாள்.

"பிடுங்கிட்டு மறுபடி வைங்க சார்."