கோடையில் பாஸ் மீன் பிடிக்க ஏழு வழிகளும் ஓர் எண்ணிக்கைப் பிழையும்

1

வாசகரே, முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கோடைச் சிறப்பிதழ் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த பத்திரிகை ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "கோடையில் பாஸ் மீன் பிடிக்க ஏழு வழிகள்னு ஒண்ணு எழுதித் தாங்க. உங்களுக்கு மீன் பிடிக்கிற பழக்கம் உண்டுல்ல?" என்று கேட்டார். நான் உடனே "உண்டு" என்றேன். என் நாற்பத்தாறு வருட வாழ்க்கையில் நான் பிடித்த ஒரே மீன், கடைக்காரரின் தராசுத் தட்டிலிருந்து வழுக்கி விழுந்தது. அதையும் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

பாஸ் எப்படியிருக்கும் என்று அன்று சாயங்காலம்தான் படம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நன்னீர் மீன். பச்சை முதுகு. வாயைத் திறந்தால் என் கை முஷ்டி தாராளமாக உள்ளே போகும். எந்நேரமும் யார்மீதோ கோபத்தில் இருப்பதுபோன்ற முகம். ஏழு வழிகள் வேண்டாம், ஒரு வழிகூட எனக்குத் தெரியாது.

ஆனால் தெரிந்தவர் ஒருவர் வீட்டிலேயே இருந்தார். என் அக்காவின் கணவர், ஏ.சி. மெக்கானிக். வெயில் ஏற ஏற அவருடைய போன் ஓயாது. வாரம் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து எட்டு மணிவரை மட்டும் ஏரிக்கரையில் இருப்பார். எட்டு அடித்தால் மறுபடி மாடி.

அக்காவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூட அலுவலகத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருத்தித் திருத்திக் கை பழகியவள். நான் எழுதும் எதுவும் அவளுடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் வெளியே போகும். மாமா இதற்கு நேரெதிர். இயந்திரத்தோடு வரும் கையேட்டைத் தவிர அவர் எதையும் படித்ததில்லை. என் கதைகளைப் பற்றிக் கேட்டால், "கனமா இருக்கு மாப்ள" என்பார். புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னது அது.

2

தொடக்கங்கள்.

"விடியற்காலையில் ஏரி ஒரு மாபெரும் கண்ணாடியைப் போல

(இங்கேயே நிறுத்திவிட்டேன். அக்கா இதை அடித்துவிட்டு, ஓரத்தில் 'உனக்கு முன்னால் எத்தனை பேர் இதை எழுதிவிட்டார்கள்?' என்று எழுதுவாள்.)

"கோடையில் நீர் வெப்பமடையும்போது பாஸ் மீன்கள் நிழலை நாடும். படகுத்துறைப் பலகைகளின் அடியிலும், தாமரை இலைகளுக்குக் கீழும், நீரில் சாய்ந்த மரக்கிளைகளுக்கு இடையிலும் அசையாமல் கிடக்கும். சூரியன் ஏறுவதற்கு முன்னாலுள்ள ஒரு மணி நேரமே

(தகவல் சரி. ஆனால் ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதும் பையனின் குரல். விட்டுவிட்டேன்.)

"மெக்கானிக் படகுத்துறைப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏ.சி. வேலைக்கு வைத்திருக்கும் குறடால் தூண்டில் முள்ளின் உள்கொக்கியை நசுக்கிக்கொண்டிருந்தார்."

இது ஓடியது. கட்டுரை கதையாக மாறியது இந்த வரியில்தான். பத்திரிகை ஆசிரியருக்கு நான் இதைத் தெரிவிக்கவில்லை.

3

மெக்கானிக் படகுத்துறைப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏ.சி. வேலைக்கு வைத்திருக்கும் குறடால் தூண்டில் முள்ளின் உள்கொக்கியை நசுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நோட்டுப் புத்தகமும் கையுமாக அவருடைய மச்சினன், தன்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்பவன், நின்றுகொண்டிருந்தான்.

"அது எதுக்கு மாமா நசுக்குறீங்க?"

"குத்துன முள்ளு சட்டுனு கழண்டு வரணும்ல. வெயில் காலத்துல தண்ணிக்குள்ள காத்து கம்மி மாப்ள. அது ஏற்கெனவே மூச்சுக்கு அல்லாடிட்டு இருக்கும். நாம இழுத்து விளையாடி, மேல தூக்கி, போட்டோ எடுத்து, கொஞ்சிட்டு விட்டா என்னாகும்?"

"செத்துருமா?"

"அங்கதான் விஷயமே. விட்டவுடனே நல்லாத்தான் நீந்திப் போகும். நாமளும் சந்தோஷமா வீட்டுக்குப் போவோம். மறுநாள் அடியில கிடக்கும்."

முள்ளில் ஒரு ரப்பர் புழுவை மாட்டிப் பலகையின் நிழலுக்குள் இறக்கினார். வெயில் காலத்து மீன் சோம்பேறி, புழு அதைவிடச் சோம்பேறியாக நகர வேண்டும் என்றார். (வழி மூன்று. குறித்துக்கொண்டேன்.) கால் மணி நேரத்தில் கம்பு வளைந்தது. விளையாட்டுக் காட்டாமல் நேராக இழுத்தார். மீன் மேலே வருவதற்குச் சற்று முன், குளத்தில் முங்கப் போகிறவரைப்போல ஆழமாக ஒரு மூச்சை இழுத்து வாயை மூடிக்கொண்டார். கையை நனைத்தார், கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினார், முள்ளைக் கழற்றினார், உறவுக்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்து வந்தபோது மீனைத் தண்ணீருக்குள் விட்டார். அது போன பிறகுதான் மூச்சை விட்டார்.

"என்ன மாமா இது?"

"என் கணக்கு. அதுவும் மூச்சு விடாமதான இருக்கு? எனக்கு முடியலன்னா அதுக்கும் முடியல."

எழுத்தாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருந்தான். முப்பத்தெட்டு விநாடி.

* அந்த மூச்சைக் கண்டு எனக்கு எச்சில் ஊறியது. இப்படி ஒரு பழக்கம் கையில் கிடைத்தால் எழுத்தாளன் விடுவானா? ஒவ்வொரு ஞாயிறும் எண்ணுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

4

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மெக்கானிக் ரொம்ப நல்லவராக இருக்கிறார். மீனுக்காக மூச்சடக்குகிற மனிதரை வாசகர் நம்புவாரா? ஒரு குறை வேண்டும். கோபம் சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. கஞ்சத்தனம் சேர்த்தேன், அக்காவின் முகம் ஞாபகம் வந்து எடுத்துவிட்டேன். கடைசியில் குறையே இல்லாமல் விட்டு, அதற்குப் 'பூடகம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய தலைவலி எண்கள். முதல் ஞாயிறு முப்பத்தெட்டு. இரண்டாம் ஞாயிறு முப்பத்தொன்று. அப்புறம் இருபத்து நான்கு. நான்காவது வாரம் பதினேழு. ஒரே ஆள், ஒரே ஏரி, ஏறக்குறைய ஒரே அளவு மீன். எண் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மாறினால், கவனமில்லாத எழுத்தாளன் என்று படிக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? எனக்கும் எண்ணிக்கைக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆகாது. நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று எல்லா இடத்திலும் முப்பத்தெட்டு என்று திருத்திவிட்டேன். அன்று ஏதோ சாதித்தவனைப்போல ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

நான் மெருகேற்றிய இன்னும் இரண்டு இடங்களையும் காட்டிவிடுகிறேன்.

மூன்றாவது வாரம் மாமா தூண்டில் பெட்டியை என்னிடம் கொடுத்து, "நீ தூக்கிட்டு வா மாப்ள" என்றார். நான் எழுதியது: "இவன் தேறிவிட்டான் என்ற நம்பிக்கை மெக்கானிக்குக்கு வந்திருந்தது."

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து படகுத்துறைக்கு ஒரு சின்ன இறக்கம். திரும்பும்போது அதுவே ஏற்றம். அந்த ஏற்றத்தில் மாமா இரண்டு முறை நின்று, மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "பறவை பாரு மாப்ள" என்றார். நான் பறவைகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் 'பெயரறியாப் பறவைகள்' ஆக்கினேன். அந்தப் பகுதிக்கு வைத்திருந்த உள்தலைப்பு: "மெக்கானிக்கின் இயற்கை ரசனை."

(அக்கா, இதை மட்டும் நீ அடிக்காதே. என் லட்சணத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும்.)

5

ஐந்தாவது ஞாயிறு. பத்திரிகை ஆசிரியர் படம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கையை முன்னால் நீட்டி மீனைப் பிடித்தால் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியுமாம், அப்படித்தான் எல்லோரும் எடுப்பார்களாம்.

ஏழு மணிக்குப் பலகையின் அடியிலிருந்து மாமா ஒரு பெரிய மீனை வெளியே கொண்டுவந்தார். அவர் முன்கை நீளம் இருக்கும். மூச்சை இழுத்தார், தூக்கினார். நான் போனை நீட்டினேன். திரையில் மீனைக் காணோம். என் மூஞ்சிதான் தெரிந்தது. கேமரா என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. எதையோ தட்டினேன், விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தட்டினேன், அதற்குள் தண்ணீரில் 'சளக்' என்று சத்தம்.

"மாமா! இன்னும் பத்து கூட எண்ணல! ஒரு செகண்ட் பிடிச்சிருக்கக் கூடாதா? இதுக்குத்தான நாம வந்ததே!"

மாமா பலகையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முட்டியின் மேல். வாய் திறந்து திறந்து மூடியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் திறந்து என் சட்டையிலேயே கொட்டிக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, "கத்தாத மாப்ள. அவ்ளோதான் இருந்துச்சு" என்றார்.

"எப்பத்துலருந்து இப்படி?"

"மூணு மாசம் இருக்கும். ரெண்டாவது மாடி ஏறுறதுக்குள்ள ஒரு தடவ உக்காந்துடுறேன். வாடிக்கைக்காரங்க கேட்டா பைப்பப் பாக்குறேன்னு சொல்லிடுவேன்."

"டாக்டர்ட்ட போனீங்களா?"

"வெயில் முடியட்டும். இருபத்தாறு வீட்ல மெஷின் நிக்குது. கைக்குழந்தை வச்சிருக்கவங்கல்லாம் இருக்காங்க. மழை ஆரம்பிச்சா ஒருத்தனும் என்னத் தேட மாட்டான், அப்பப் போய்க்கலாம்."

"மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு மாமா. அக்காவுக்குத் தெரியுமா?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா இன்னைக்கே கொண்டுபோய்ப் படுக்க வச்சிருவா. அவகிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். மறுத்துப் பேசத் தெரியாதவன் நான். பத்திரிகை ஆசிரியருக்கு "உண்டு" என்று சொன்னதும் இதே வாய்தான்.

எட்டு மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்பினார். நன்றாகத்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போனார்.

6

வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். திருத்திய பக்கங்களை அல்ல, ஏரிக்கரையில் கிறுக்கிய பக்கங்களை. 38, 31, 24, 17. அன்றைய எண்ணை அடியில் எழுதினேன். 9.

ஐந்து வாரம் பக்கத்திலேயே நின்று ஒரு மனிதரின் மூச்சு குறைவதைக் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன். அளந்துவிட்டு, கதை சீராக இருக்கட்டும் என்று அதைச் சரிசெய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அப்பா இறந்தபிறகு என்னைப் புது ஊரில் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததும், முதல் கதை வந்தபோது படிக்காமலேயே பத்துப் பிரதி வாங்கியதும் அந்த மனிதர்தான்.

7

முடிவுகள்.

(அ) மெக்கானிக் மறுநாள் காலையில் தானாகவே மருத்துவரிடம் போகிறார்.
இதை எழுதிப் பார்த்தேன். பாத்திரம் ஒத்துழைக்க மறுக்கிறது. பாதி வழியில் போன் அடிக்கிறது, எங்கோ மூன்றாவது மாடியில் மெஷின் நின்றுவிடுகிறது, வண்டி திரும்பிவிடுகிறது.

(ஆ) மழை இரண்டு மாதம் முன்னதாக வந்துவிடுகிறது.
எழுதவே கை கூசியது.

(இ) எழுத்தாளன் அக்காவின் எதிரில் உட்கார்ந்து, "அக்கா, மாமாவுக்கு

இதை இரண்டு நாள் நேரிலும் முயன்றேன். ஒருமுறை "ஃபேன் ஏன் சத்தம் போடுது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். இன்னொருமுறை, உன் சமையலைப் பாராட்டினேன். நீ என்னைச் சந்தேகமாகப் பார்த்தாய்.

ஆம், அக்கா. தொடக்கத்தில் வாசகரே என்று மரியாதையாகக் கூப்பிட்டது உன்னைத்தான். இந்தக் கதைக்கு வேறு வாசகர் கிடையாது. பத்திரிகைக்கு எதுவும் போகவில்லை, ஏழு வழிகளில் ஐந்துதான் தேறின. எழுதிக் காட்டுவது சொல்வதாகாது என்று மாமாவிடம் நான் வாதாடப் போவதில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

இதை நீ சாப்பாட்டு மேசையில், சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த களைப்போடு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருப்பாய். முதல் பக்கத்தில் நிறைய அடித்திருப்பாய். நான் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

மாமா ஆறு மணிக்கு வருவார். மணியை அடிப்பதற்கு முன் வாசல்படியில் உட்கார்ந்து, ஷூ கயிற்றை ரொம்ப நேரம் அவிழ்ப்பார். மூன்று மாதமாக அந்தக் கயிற்றில் ஏதோ சிக்கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இன்றைக்கு அவர் மணியடிக்கும்வரை காத்திருக்காதே. கதவைத் திறந்து வை. அவர் பக்கத்தில் படியில் உட்கார். அவருடைய கருவிப் பெட்டியை நான் வாங்கிக்கொள்கிறேன், வண்டிச் சாவியும் என்னிடம்தான் இருக்கும். அந்த இருபத்தாறு வீட்டுக்கும் நானே போன் செய்து சொல்கிறேன், என்னால் முடிந்த ஒரே வேலை அது.

அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். பேனா உன் கையில் இருக்கிறது.