கல் கச்சேரி வாசல் டீக்கடை

ஓசூரில் கல் கச்சேரி எங்கே என்று கேட்டால் முனீர் அகமது டீக்கடைக்குப் பக்கத்தில் என்பார்கள். முனீர் டீக்கடை எங்கே என்றால் கல் கச்சேரி வாசலில் என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். கச்சேரி வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க ஆபீஸ் கட்டடம், அது அசையப்போவதில்லை. கடைதான் வியாழக்கிழமை காலி, ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். பாகலூர் ரோட்டில் வேறு இடம் கிடைத்துவிட்டது, வியாபாரத்துக்கு ஒரு குறையும் வராது. ஆனாலும் இங்கே ஒரு கடை இருந்தது என்று சொல்ல எதுவும் மிஞ்சாதே என்ற நினைப்பு முனீரின் மனதை அரித்துக்கொண்டிருந்தது. போட்டோ எடுக்கலாம். அது மொபைலில் கிடந்து மொபைலோடு போகும்.

அதனால்தான் ஞாயிறு காலையில் ஒரு ஆள் எதிர்ச்சாரியில் மடக்கு ஸ்டூலைப் போட்டு, பென்சிலும் கையுமாகக் கச்சேரியை உற்றுப் பார்த்ததும் முனீருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாய்லரை மனைவி நாஸியாவிடம் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினார்.

"படம் வரையறீங்களா சார்?"

"ஆமா பாய். என் பேரு தமிழரசன். ஊர் ஊரா பஸ்ல போயி பழைய கட்டடமா வரைஞ்சிட்டிருக்கேன். புஸ்தகமா வரப்போகுது."

புத்தகம்! முனீருக்கு வாயெல்லாம் பல். கடையும் அதில் வருமா என்று கேட்க வெட்கமாக இருந்தது. கச்சேரி வாசலை வரைகிறவர் வாசலில் இருக்கும் கடையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தார். காலை வெயில் தமிழரசன் முகத்தில் நேராக அடித்தது. ஒரு கை பென்சிலில், ஒரு கை நெற்றியில். ஒருத்தர் வெயிலில் காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க முனீரால் முடியாது. அது அவர் பிறவிக் கோளாறு.

"எதுக்கு சார் வெயில்ல? நம்ம கடை பெஞ்சு சும்மாதான கெடக்குது! அங்க உக்காந்தா கேட் வழியா கச்சேரி இன்னும் கிட்டக்க தெரியும்."

தமிழரசன் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஸ்டூலும் பையும் ரோட்டைத் தாண்டிவிட்டன.

அப்புறம் கடையில் அமர்க்களம்தான். இஞ்சி டீ, பன், ஃபேன் அவர் பக்கம். முனீர் இஸ்திரிச் சட்டைக்கு மாறினார், பெயர்ப் பலகையைத் துடைத்தார், பிஸ்கட் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினார். ஷிப்ட் முடிந்து டீ குடிக்க வந்த வாடிக்கைக்காரன் சுபாஷ், "என்ன பாய், பெருநாளா?" என்றான்.

மதியம் ஒன்றரைக்குப் படம் முடிந்தது. கல் தூண், வளைவு, ஓடு, சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று வரை எல்லாம் இருந்தன. முனீர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் வந்திருக்குது சார். நம்ம கடையக் காணோமே?"

தமிழரசன் திருதிருவென்று விழித்தார். "கடைக்குள்ள உக்காந்துதானே பாய் வரைஞ்சேன்? இங்கிருந்து கடை எப்படித் தெரியும்?"

நாஸியா சிரித்துவிட்டாள். "அங்க உக்காந்திருந்த மனுசன இங்க இழுத்துட்டு வந்ததே நீங்கதானங்க?"

முனீரும் சிரிக்கத்தான் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. வியாழக்கிழமை விஷயத்தை மெதுவாகச் சொன்னார். தமிழரசன் மணி பார்த்தார். மூன்று மணிக்கு அவருக்குப் பஸ்.

"ஒரு மணி நேரம் போதும் பாய். நீங்க பாய்லர்கிட்ட அசையாம நில்லுங்க" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்கே போனார்.

வெயில் இப்போது மேற்கே சாய்ந்து அவர் பிடரியில் அடித்தது. முனீர் கிளாஸும் கையுமாக நின்றார். இரண்டு நிமிடம். எதிரே தமிழரசன் கழுத்தைத் துடைத்தார். மூன்று நிமிடம்.

"தலைக்கு ஒண்ணுமில்லாம உக்காந்திருக்காரு நாஸியா."

"நீங்க பேசாம நில்லுங்க."

நாலாவது நிமிடம் கிளாஸை அவள் கையில் திணித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

குடையைப் பிடித்தபடி நின்றபோதுதான் முனீர் தன் கடையைப் பார்த்தார். எத்தனையோ தடவை இந்த ரோட்டைத் தாண்டியிருக்கிறார். இந்தப் பக்கம் நின்று இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. பச்சைத் தகரம், தொங்கும் வாழைத்தார், ஆவிக்கு நடுவே நாஸியா. நல்லாத்தான் இருந்திருக்கு என்று தோன்றியது. கண் கலங்கியது.

படம் முடிந்ததும் நாஸியாவே ஓடி வந்தாள். கச்சேரி இருந்தது, வாசலில் கடை இருந்தது, டீ ஆற்றிக்கொண்டு அவளும் இருந்தாள்.

"ஏங்க, இதுல நீங்க எங்கங்க?"

தமிழரசன் பென்சிலால் படத்தின் அடிப்பக்கம் தொட்டுக் காட்டினார். ரோட்டில் வட்டமாக ஒரு குடை நிழல். அந்த வட்டத்துக்கு வெளியே, கையை எட்டி நீட்டிக் குடை பிடித்து நிற்கும் ஒரு ஆளின் நிழல்.

நாஸியா குனிந்து பார்த்தாள். "இது இவருதான். பேரே எழுத வேணாம்" என்றாள்.

பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"இன்னொரு டீ குடிச்சிட்டுப் போலாம் சார்" என்று முனீர் ஸ்டூலைத் தூக்கினார்.