வலி போனா மூட்டை தூக்கு

விடியும் முன்பே தாய்லாந்தின் நகோன் சவான் ஆற்றுத்துறையில் நெல் மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிட்டன. படகுக்கும் ஆலைக்கும் நடுவே ஒற்றைப் பலகை. பனி ஈரத்தில் வழுக்கும் அதன்மேல் சுமைக்காரர்கள் குனிந்த முதுகோடு ஓடினார்கள். நெல்தூசி வியர்வையில் ஒட்டிக் கழுத்தை அறுத்தது.

சங்வான் கரையில் பெருக்கிக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் இதே பலகையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவன். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடுப்பிலிருந்து குதிகால் வரை காய்ச்சிய கம்பியை இழுப்பதுபோல் வலி.

அந்த வலி முதன்முதலாகப் பிடி தளர்ந்தது அரசு மருத்துவமனையில்தான். நாக்கடியில் சில சொட்டு கஞ்சா எண்ணெய். சற்றுப் பொறுத்து, கண்ணை முழுக்க மூடும் மெய்நிகர்க் கண்ணாடி. அதற்குள் கடல். அலை வரும்போது மூச்சை இழு, போகும்போது விடு என்று ஒரு குரல். வலி மறைந்துவிடவில்லை, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியைக் கழற்றியபோது அவன் அழுதுவிட்டான்.

"போய் நல்லா ஓய்வெடுங்கண்ணே. பாரம் மட்டும் தூக்கிடாதீங்க, தலை சுத்தும்" என்றாள் செவிலி.

சேதி ஆலை முதலாளி பிசானின் காதுக்கு எட்டியது. இன்று காலை அவரே ஒரு கண்ணாடியும் எண்ணெய்ப் புட்டியும் வாங்கிக்கொண்டு கிடங்குக்கு வந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குடா அலையிற? இங்கயே போட்டுக்க. வலி போனா மூட்டை தூக்கு. பெருக்குறதுக்கெல்லாம் இனிமே ஆள் கிடையாது."

வேலை போய்விடுமே என்று சங்வான் எண்ணெயை நாக்கடியில் விட்டு, கண்ணாடியையும் போட்டுக்கொண்டான். வலி விலகியது. கண்ணாடியைக் கழற்றியதும் மூட்டை முதுகில் ஏறியது. பாதிப் பலகையில் கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மரம் அலையாய் ஆடியது. சரிந்தவனைப் பின்னால் மூட்டையோடு வந்த சுமைக்காரன் நுவான் ஒரு கையால் சட்டையோடு பிடித்து இழுத்தான். மூட்டை ஆற்றுக்குள் போனது.

"கண்ணு தெரியலையாடா?" பிசான் கத்தினார்.

"தெரிஞ்சுது முதலாளி. கடல் தெரிஞ்சுது."

யாரோ சிரித்தார்கள். சங்வான் சிரிக்கவில்லை.

"வலி இருந்திருந்தா நானே நின்னிருப்பேன். போதும்டான்னு எனக்குச் சொல்ல அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதோட வாயையும் அடைச்சிட்டீங்க."

"உன் நல்லதுக்குத்தானே வாங்கினேன்!"

நுவான் தன் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டான். "அவன் நல்லதுக்குன்னா கன்வேயர் பெல்ட் வைங்க. ஆஸ்பத்திரிக்குப் போற நாளுக்குக் கூலியோட லீவு குடுங்க. மருந்து அவன் முதுகுக்கு வந்தது, உங்க மூட்டைக்கு இல்ல."

"ஏன், உனக்கும் ஒரு கண்ணாடி வேணுமா?"

"நீங்க போட்டுப் பாருங்க முதலாளி. நாங்க வேலை செய்யிற மாதிரி தெரியும். இன்னிக்கு அதுல மட்டும்தான் தெரியும்!"

மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. சாக்குத் தைக்கும் தோங்பாய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பலகையின் குறுக்கே உட்கார்ந்தாள்.

பிசான் போனை எடுத்து வேறு சுமைக்காரர்களை வரச் சொன்னார். சற்று நேரத்தில் அக்கரையிலிருந்து படகு நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவன் கிடந்த மூட்டைகளைப் பார்த்தான். வெளுத்த முகத்தோடு நின்ற சங்வானைப் பார்த்தான்.

"என்னாச்சு அக்கா?"

தோங்பாய் சொன்னாள். அவன் தன் சட்டையைத் தூக்கி, இடுப்பை இறுக்கியிருந்த பட்டையை அவிழ்த்தான். "எனக்கும் இதே எடம்தான்" என்று சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

எண்ணெயின் வேகம் இறங்க, சங்வானின் முதுகில் பழைய தீ மெல்லப் பற்றியது. அவனால் உட்கார முடியாது. எல்லோருக்கும் முன்னால், முதலாளியின் காலடியில், ஈரத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

"என்னைத் தாண்டிப் போங்க பார்க்கலாம்" என்றான்.