ஆயிரத்து ஐம்பதுக்கு மேல் போகாதவன்

கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த மறுநாள் காலையிலேயே ஷர்புன்னிசா துருகம் ரோட்டுக் கடைக்குப் போனாள். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. முருகவேல் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்த பிறகும் துடைத்துக்கொண்டேதான் இருந்தான்.

கடை அவனுக்கும் அவள் கணவன் உமைருக்கும் பொது. கல்யாண வீடுகளில் படம் எடுப்பது முருகவேல், அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக் கொடுப்பது உமைர். கச்சிராயபாளையம் ரோட்டில் பைக் சறுக்கி உமைர் போன பிறகு இரண்டு வேலையையும் முருகவேலே பார்த்தான். மூன்றாம் மாதம் கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டு கருகியது. கார்டு இல்லாமல் வீடியோ வேலை நகரவில்லை. கேட்டு வந்தவர்களிடமெல்லாம் முருகவேல் ஒரே பதிலைச் சொன்னான்: பாய் வேகத்துக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மீறி வோல்டேஜ் கொடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார், அதனால்தான் கார்டு போச்சு.

அந்தப் பேச்சு கடைத்தெருவைச் சுற்றிப் பள்ளிவாசல் வரைக்கும் போய், அவள் அத்தா காஜா மைதீன் காதில் விழுந்து, அவளிடம் வந்து சேர்ந்தது. "செத்தவனைப் பத்தி நாலு பேரு நாலு பேசுவாங்க, வுடும்மா" என்றார் அவர். அவளால் விட முடியவில்லை. வேலை தெரிந்தவன் என்று ஊரில் ஒரு பெயர் எடுத்திருந்தான் உமைர். அவன் விட்டுப்போனதில் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. வாசலைத் தாண்ட முடியாமல் அவள் நாட்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கம்ப்யூட்டரைப் போடுங்க."

"கார்டு இல்லாம இன்னாத்த போடறது?"

"வேலைதான் ஓடாது. படம் தெரியும். போடுங்க."

முருகவேல் சிரித்தான். "ஓகோ! அண்ணி இத்தாவுல கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சிட்டு வந்திருக்காங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தானே கம்ப்யூட்டரைப் போட்டாள். கடை திறப்பதற்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. உமைர் கார்டின் வேகத்தைப் பத்துப் பத்தாக ஏற்றிப் பார்ப்பான். அவன் சொல்லச் சொல்ல வோல்ட்டையும் சூட்டையும் நோட்டில் எழுதியவள் அவள். திரை உறைந்து நின்றால் வேகத்தில் இருபதைக் குறைப்பான். வோல்டேஜ் மட்டும் ஆயிரத்து ஐம்பது மில்லிவோல்ட். ஒரு நூல் மேலே போகமாட்டான். கம்பெனிக்காரன் ஆயிரத்து இருநூறு வரைக்கும் விட்டிருக்கிறானே என்று ஒருமுறை கேட்டாள். "அவன் வுட்டது புது கார்டுக்கு. இது எவனோ ஓட்டித் தேஞ்சது. நம்மூரு சித்திரை வெயிலு வேற" என்றான்.

கார்டைக் கவனிக்கும் சாப்ட்வேர் ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் தேதி போட்டு ஒரு பைலில் எழுதிவைத்திருந்தது. அப்படி ஒரு பைல் இருப்பதே முருகவேலுக்குத் தெரியாது. அவள் திறந்தாள். உமைர் இருந்த நாள் வரைக்கும் 1050, 1050, 1050 என்று வரிசையாக இறங்கியது. அதற்குப் பிறகு 1100. இரண்டு நாள் கழித்து 1150. கடைசி வரியில் 1200, சூடு தொண்ணூற்று நாலு டிகிரி.

"இது எந்தத் தேதி, படிங்க."

"இங்கிருந்து தெரியல."

"அப்போ நான் சொல்றேன். அவரை அடக்கம் பண்ணி எழுபத்தோராவது நாள். கபர்ல இருந்து எழுந்து வந்து ஏத்தினாரா?"

முருகவேலின் கை நின்றது. "நடுவுல நடுவுல நின்னுக்கினே இருந்துச்சு. கரண்டு பத்தலன்னு ஏத்தினேன்" என்றான்.

மலைமேல் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் அவன் ஊர். சாயங்காலமானால் அங்கே கரண்டு நூற்று அறுபது வோல்ட்டுக்கு இறங்கிவிடும். டிவி பக்கத்தில் இருக்கும் ஸ்டெபிலைசரின் குமிழை ஒவ்வொரு கட்டமாகத் திருப்பி ஏற்றினால்தான் படம் நிற்கும். சின்ன வயதிலிருந்து அவன் செய்த வேலை அது. இங்கே திரை உறைந்ததும் கை தானாக வோல்டேஜை ஏற்றப் போயிருக்கிறது. அவளுக்கு அது புரிந்தது. புரிந்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"உங்க மலையில திருப்புற குமிழா இது?" என்றாள். எங்கே குத்தும் என்று தெரிந்தேதான் கேட்டாள்.

அவன் எழுந்துவிட்டான். "ஆமா, மலைக்காரன்தான்! நாலு வருஷத்துல ஒருநா அந்த மவுஸை என்கிட்ட குடுத்திருப்பாரா உங்க வூட்டுக்காரரு? நீ கேமராவப் பாருடாம்பாரு. இதுக்கு மேல ஏத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் தொடறேன்? எல்லாத்தையும் மண்டைக்குள்ள பூட்டிக்கினு போய்ச் சேர்ந்துட்டாரு. இப்ப நீங்க வந்து கணக்கு கேக்கறீங்க."

உமைர் அப்படித்தான். அவளுக்குச் சொன்னதுகூட, எழுத ஒரு கை வேண்டியிருந்ததால்தான்.

"சொல்லல. அது அவரு தப்பு" என்றாள். "தெரியாம எரிச்சதுக்கு நான் வரல முருகவேலு. தெரிஞ்சிக்கினே அவரு தலையில போட்டீங்களே, அதுக்கு வந்தேன். யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அத்தினி பேருக்கும் போன் போடுங்க. நான் கேக்கற மாதிரி."

"மாட்டேன்னா?"

"இந்தப் பைலை பிரிண்டு போட்டு இந்தக் கடை வாசல்லயே ஒட்டுவேன்."

அவன் அவளை முறைத்துக்கொண்டே போனை எடுத்தான். முதலில் தியாகதுருகம் தர்மன். மகள் கல்யாண வீடியோவுக்காக மாதக்கணக்கில் கடைக்கு நடையாய் நடந்துகொண்டிருப்பவர். ஸ்பீக்கரைப் போட்டான்.

"தர்மண்ணே, முருகவேல் பேசறேன். அந்தக் கார்டு... பாய் எரிக்கல. நான்தான் ஏத்திவச்சு எரிச்சுட்டேன்."

"எவன் எரிச்சா எனக்கு இன்னாடா?" போன் அலறியது. "எம் பொண்ணு முழுகாம இருக்கா, அவ கல்யாணப் படம் இன்னும் வரல! வளைகாப்புக்கும் உன்னையே கூப்புடணுமா? வையிடா போனை!"

முருகவேலின் முகத்தில் சிரிப்பு திரும்பிவந்தது. "கேட்டீங்களா? செத்தவரு பேரு எவனுக்கு வேணும்?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு வேணும்" என்றாள். "அடுத்த நம்பரைப் போடுங்க. இந்தத் தடவை பாய்னு சொல்லாதீங்க. உமைர்னு பேரைச் சொல்லுங்க."