நல்ல காதுக்காரர்

கிரேஸ் தன் புருஷன் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். ஜெபகுமார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுகாசினிக்கு வயிறு பற்றி எரிந்தது. அப்படி என்னத்தைத்தான் சொல்லித் தொலைத்தாளோ பாவி!

கிரேஸ் புதுப் புடவை கட்டட்டும், வண்டி வாங்கட்டும், சுகாசினி கண்டுகொள்ள மாட்டாள். இந்தக் குசுகுசுப்புதான் ஆகாது. அவள் புருஷன் பூவராகவனிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு மூலம் இருப்பது பிள்ளையார்பாளையத்துப் பூக்காரி வரைக்கும் தெரியும்.

இரண்டு ஆண்களும் ஒரே பீரங்கிப் படையில் இருந்தவர்கள். இருவர் காதையும் தின்றது பீரங்கிதான். இப்போது பட்டாளத்து ஆஸ்பத்திரிப் பதிவுகளையும், ஓய்வுபெற்ற பின் பார்த்த வைத்தியத்தின் பதிவுகளையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்து, வெடிச்சத்தம் காதை என்ன செய்கிறது என்று ஆராய்கிறார்கள். சம்மதம் கேட்டபோது இருவரும் சரி என்றார்கள். ஜெபகுமாரைக் கூப்பிட்டுப் பரிசோதித்து, காதுக்கு மிஷினும் மாட்டி அனுப்பினார்கள். பூவராகவனை யாரும் கூப்பிடவே இல்லை.

"எதிர்வீட்டுக்காரருக்கு மட்டும் இன்னா, தங்கத்துல காதா?" என்று சுகாசினி புருஷனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். "சாரும் ஆராய்ச்சியில இருக்காரும்மா. பாதிக்கப்பட்டவங்களோட ஒப்பிட்டுப் பாக்க நல்ல காதுக்காரங்களும் வேணும் இல்லையா? சார் அதுல. சர்வீஸ் முழுக்க காதுல ஒரு குறையும் இல்லன்னு பதிவாயிருக்கு."

அவர் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்த பூவராகவன் மார்பை நிமிர்த்தினான்.

சுகாசினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரமோஷன் நின்றுவிடும் என்று பயந்து அவன் செய்த திருட்டுத்தனம் அவளுக்குத் தெரியும். பட்டாளத்தில் காதைச் சோதிக்கும் டாக்டர், சிப்பாயின் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லச் சொல்லும் வார்த்தைகளை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். இவனோ தனக்கு முன்னால் போய்வந்தவர்களிடம் வார்த்தைகளைக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவான்.

"எல்லாம் பொய்யி டாக்டர்! வாயப் பாத்து பாத்துதான் இவரு பேசிக்கினு இருக்காரு."

"வீட்டுச் சண்டைய இங்க கொண்டாந்துட்டா மேடம்," என்று பூவராகவன் சிரித்தான். "எனக்கு நல்லாத்தான் கேக்குது."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தன வருஷப் பதிவு தப்பா இருக்குமாம்மா?"

இப்படியே விட்டால் இவனுக்குப் பரிசோதனையும் இல்லை, மிஷினும் இல்லை. சாகும்வரை இவன் நல்ல காதுக்காரன்தான். அந்தக் கிரேஸ் மட்டும் காலம் பூரா குசுகுசுத்துக்கொண்டு கிடப்பாள்!

சுகாசினி விருட்டென்று எழுந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். நாலு வார்த்தை திட்டிப் பார்க்கலாம் என்றுதான் மெல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"கண்ணாலம் ஆன நாளா உங்க காதுல ரகசியமா ஒண்ணு சொல்லணும்னு ஆசைங்க. உங்கள எனக்கு அவ்ளோ புடிக்கும்."

டாக்டரம்மா பூவராகவனின் முகத்தைப் பார்த்தார். அவன் சிரித்தபடி அடுத்த கேள்விக்குக் காத்திருந்தான்.

"நல்ல காதுக்காரங்க லிஸ்ட்டுலேர்ந்து சாரை எடுத்துடறேம்மா," என்றார் டாக்டரம்மா தாழ்ந்த குரலில். "இன்னைக்கே காத டெஸ்ட் பண்ணிடலாம்."

அவர் பார்வை போன பக்கம் பூவராகவன் திரும்பினான். "இன்னாடி சொன்ன?"

"ஒண்ணுமில்ல! மிஷின் வரட்டும், சொல்றேன்!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் சுகாசினி. இவ்வளவு காலம் பொத்தி வைத்திருந்தது, அவன் கேட்பதற்கு முன்பே எவளோ ஒருத்தி காதில் விழுந்துவிட்டதே! கிரேஸை மறந்து, டாக்டரம்மாவைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.